பெயரைக் கெடுத்த கையெழுத்து

அகராதியில் தம் பெயர் ஏறும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்க விடுதலைக்குப் பாடுபட்ட எல்பிரிட்ஜ் கெர்ரிக்கு அது கிடைத்தது. ஆனால், அவர் செய்த நன்மைக்காக அல்ல!

தேர்தல் தொகுதியின் எல்லையைத் தன் கட்சிக்குச் சாதகமாக வளைத்துப் போடும் தந்திரத்துக்கு ஆங்கிலத்தில் ஜெரிமாண்டர் என்று பெயர். அந்தச் சொல்லில் இருக்கும் ஜெரி, இந்தக் கெர்ரிதான். கெர்ரி என்றே அவர் தம் பெயரை உச்சரித்தார். ஊர் வாயில் புகுந்து அது ஜெரி ஆகிவிட்டது. பெயரும் கெட்டது, உச்சரிப்பும் கெட்டது.

கருவாட்டு வியாபாரி மகன்

மாசாசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள மார்பிள்ஹெட் என்ற மீன்பிடி ஊரில், 1744-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி கெர்ரி பிறந்தார். அப்போது அமெரிக்கா, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. தந்தை தாமஸ் கெர்ரி கப்பல் தலைவராக இருந்து வியாபாரி ஆனவர். காட் என்னும் மீனைக் கருவாடாக்கி, ஸ்பெயினுக்கும் மேற்கு இந்தியத் தீவுகளுக்கும் அனுப்பிப் பணம் சேர்த்தவர்.

மகன் ஹார்வர்டு கல்லூரியில் படித்து, 1762-ல் பட்டம் பெற்றார். பிறகு குடும்ப வியாபாரத்தில் இறங்கினார். 1772-ல் மாசாசூசெட்ஸ் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே சாமுவேல் ஆடம்சின் நட்பு கிடைத்தது. அதன் பிறகு, கருவாட்டைவிட அரசியலே அவருக்குப் பெரிதாகிவிட்டது.

1775-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி இரவு. புரட்சிக் குழு உறுப்பினர்கள் சிலருடன் கெர்ரி ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தார். கான்கார்டு நகரில் இருந்த ஆயுதங்களைப் பறிக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் பட்டாளம், அந்த வழியாகவே வந்தது. சிப்பாய்கள் சத்திரத்தை நோக்கித் திரும்பியதும், இரவு உடையோடு அவர்கள் வயலுக்குள் ஓடி ஒளிந்தார்கள். மறுநாள் விடுதலைப் போர் மூண்டது.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது. அதில் கையெழுத்திட்ட 56 பேரில் கெர்ரியும் ஒருவர். போர் தோற்றிருந்தால், அந்தக் கையெழுத்துக்குத் தூக்கு மேடையே பரிசு! வியாபாரத் தொடர்புகளைப் பயன்படுத்தி, போர்ப் படைக்குத் துப்பாக்கியும் மருந்தும் சேர்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

போட மறுத்த கையெழுத்து

போர் முடிந்தது. புதிய அரசியல் சட்டம் எழுத, 1787-ல் பிலடெல்பியாவில் தலைவர்கள் கூடினார்கள். கெர்ரியும் போனார். நாலு மாதம் விவாதம் நடந்தது. கடைசி நாளில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். சபையில் இருந்துகொண்டே, மாட்டேன் என்று மறுத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் கெர்ரி.

மத்திய அரசின் கையில் அதிகாரம் குவிகிறது. மக்களின் உரிமைகளைக் காக்கும் பட்டியல் அதில் இல்லை. இதுவே அவருடைய ஆட்சேபம். பிற்பாடு, அந்த உரிமைப் பட்டியல் 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. அதை நிறைவேற்றிய முதல் காங்கிரசில் கெர்ரியும் உறுப்பினர். ஊரே கையெழுத்துப் போட்டாலும் மனம் ஒப்பாததற்குப் போடமாட்டார் என்று அன்று பெயர் வாங்கியவர் அவர்.

1797-ல் பிரான்சுடன் சமாதானம் பேசப் போன மூவர் குழுவிலும் அவர் இருந்தார். பிரெஞ்சுத் தரகர்கள் லஞ்சம் கேட்டார்கள். மற்ற இருவரும் கோபித்துக்கொண்டு விலகினார்கள். போர் மூண்டுவிடக் கூடாதே என்று கெர்ரி மட்டும் தங்கினார். நாடு திரும்பியபோது, பெடரலிஸ்டு கட்சியார் அவரைத் தூற்றித் தள்ளினார்கள். அந்தக் கசப்பு அவரை எதிர்க் கட்சியின் பக்கம் தள்ளியது. ஜெபர்சனின் ரிபப்ளிகன் கட்சியில் அவர் சேர்ந்தார். (இன்று அந்தப் பெயரில் இருக்கும் கட்சி வேறு.)

மேஜைக்கு வந்த மசோதா

கவர்னர் பதவிக்குப் பல முறை நின்று தோற்ற கெர்ரி, 1810-ல் வெற்றி பெற்றார். 1811-லும் வென்றார். பிரிட்டனுடன் மறுபடியும் போர் வரும் போல் இருந்த காலம் அது. போரை எதிர்த்த பெடரலிஸ்டுகள் அவர் கண்ணுக்குத் துரோகிகளாகத் தோன்றினார்கள்.

சட்டசபை, கெர்ரி கட்சியின் கையில் இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு மசோதா தயாரானது. அதுவரை செனட் தொகுதிகள் கவுண்டி எனப்படும் ஜில்லா எல்லையை ஒட்டியே அமைந்தன. புதிய மசோதா, ஜில்லாக்களைத் துண்டு போட்டது.

இதில் என்ன லாபம்? ஓர் ஊரில் 15 ஓட்டுகள்; அவற்றில் நமக்கு 6, எதிரிக்கு 9 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூன்று ஓட்டாக 5 வார்டு பிரிக்கவேண்டும். எதிரியின் 6 ஓட்டுகளை இரண்டே வார்டில் அடைத்துவிட்டால், மிச்சம் அவருக்கு 3 ஓட்டுதான். மீதி மூன்று வார்டுகளில் வார்டுக்கு நமக்கு 2, அவருக்கு 1. ஆக, சிறுபான்மையான நமக்கு 3 இடம். பெரும்பான்மையான அவருக்கு 2 இடம்!

எசெக்ஸ் ஜில்லாவில் இந்தக் கணக்குத்தான் நடந்தது. ஜில்லாவின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஓரத்து ஊர்களை மட்டும் கோத்து ஒரு தொகுதி செய்தார்கள். தெற்கே கடலோரத்தில் தொடங்கி, மேற்கே ஏறி, வடக்கே திரும்பி, மீண்டும் கடலைத் தொட்டது அது. கெர்ரி பிறந்த மார்பிள்ஹெட்டும் அந்த வளைவுக்குள் இருந்தது.

மசோதாவை எழுதியவர் கெர்ரி அல்ல. அதில் அவருக்கு விருப்பமே இல்லை என்று அவருடைய மருமகன் ஆஸ்டின் பின்னால் எழுதி வைத்தார். ஆனால் 1787-ல் மறுத்த கை, இந்த முறை மறுக்கவில்லை. 1812-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அவர் கையெழுத்திட்டார்.

படம் பிறந்தது

மார்ச் 26-ந் தேதி, பாஸ்டன் கெஜட் பத்திரிகையில் ஒரு கேலிச் சித்திரம் வந்தது. எசெக்ஸ் தொகுதியின் படத்துக்கே சிறகும் நகமும் கோரைப் பல்லும் வைத்திருந்தார்கள். சாலமாண்டர் என்பது பல்லி போன்ற ஒரு பிராணி. அந்தப் பெயரின் முன்பகுதியை வெட்டி, கெர்ரியின் பெயரை ஒட்டினார்கள். நாடு சிரித்தது.

வசந்த காலத்தில் தேர்தல் நடந்தது. செனட் சபைக்குப் பெடரலிஸ்டுகள் பெற்ற ஓட்டு 51,766. இடங்கள் 11. ரிபப்ளிகன் கட்சி பெற்ற ஓட்டு 50,164. இடங்கள் 29! ஓட்டில் தோற்றவர்கள், இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வென்றார்கள்.

ஆனால் கெர்ரி? கவர்னர் தேர்தலில் தொகுதி ஏது? மாநிலம் முழுவதும் ஒரே கணக்கு. கோடு போட்டு வளைக்க அங்கே வழி இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில், ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் அவர் தோற்றார். அவர் கையெழுத்து கட்சிக்காரர்களைக் காப்பாற்றியது, அவரைக் காப்பாற்றவில்லை.

வண்டியில் வந்த மரணம்

கட்சி அவரைக் கைவிடவில்லை. 1813-ல் மாடிசன் ஜனாதிபதியின் கீழ் அவர் உப ஜனாதிபதி ஆனார். 1814-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, செனட் சபைக்கு வண்டியில் புறப்பட்டவர், வழியிலேயே நோயுற்று இறந்தார். வயது 70. அவர் விட்டுச் சென்ற சொத்தைவிடக் கடனே அதிகம். பதவியில் இருந்து பணம் சேர்த்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில், தலைநகர் வாஷிங்டனில் புதைக்கப்பட்டவர் அவர் ஒருவரே. அந்தச் சட்டம் பிறகு ரத்தானது. சொல் மட்டும் ரத்தாகவில்லை. தொகுதிகளில் மக்கள் தொகை ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1964-ல் தீர்ப்பளித்தது. ஆனால், கட்சி லாபத்துக்காக எல்லையை வளைப்பதை விசாரிப்பது மத்திய கோர்ட்டுகளின் வேலை அல்ல என்று 2019-ல் அதே கோர்ட் கூறிவிட்டது. அன்று பேனாவால் போட்ட கோட்டை இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும், கெர்ரியின் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

உயிரைப் பணயம் வைத்துப் போட்ட கையெழுத்தை உலகம் மறந்தது. மனச்சாட்சிக்காகப் போட மறுத்த கையெழுத்தையும் மறந்தது. கட்சி நீட்டிய காகிதத்தில், விருப்பம் இல்லாமலே போட்ட கையெழுத்துத்தான் நிலைத்தது. அந்தக் காகிதத்தை அன்று திருப்பி அனுப்பும் அதிகாரம், கவர்னர் கெர்ரிக்கு இருந்தது.