அன்னா மணி: வானத்தை அளந்த பெண்மணி

அன்னா மணி 1918 ஓகஸ்ட் 23 இல் திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்தார். எங்கள் கலஹாவைப் போலவே அதுவும் தேயிலையும் மூடுபனியும் நிறைந்த மலைநாடு. தந்தை பொறியியலாளர், ஏலக்காய்த் தோட்டங்களும் வைத்திருந்தார். அக்குடும்பத்தில் ஆண்பிள்ளைகளை உத்தியோகத்துக்கும் பெண்பிள்ளைகளைத் திருமணத்துக்கும் ஆயத்தப்படுத்துவதே வழக்கம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு கொடுத்தபோது, அது வேண்டாமென்று பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கினார் அன்னா. எங்கள் வீடுகளிலும் மகள் பிறந்த நாளிலிருந்தே நகை சேர்க்கிறார்கள். அதனால் இது எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

1939 இல் சென்னையில் பட்டம் பெற்றார். பின்னர் பெங்களூரில் சேர் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். காதில் போட மறுத்த வைரத்தை அங்கே ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஆனால் முதுமாணிப் பட்டம் இல்லையென்று கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. 1945 இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948 இல் இந்திய வானிலைத் திணைக்களத்தில் இணைந்தார்.

அவருடைய பெரிய சாதனை, 1960களில் உருவான இந்திய ஓசோன் கருவி. பலூனில் கட்டி மேலே அனுப்பினால், ஓசோன் கலந்த காற்று அதிலுள்ள கரைசலினூடாகச் செல்லும்போது சிறு மின்னோட்டம் உண்டாகும். எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்பதை அது காட்டிவிடும்.

இதன் தேவையை அறிந்தபோது வியந்தேன். கடும் வெயிலுள்ள அயனப் பிரதேசத்துக்கு மேலேதான் ஓசோன் அதிகம் உண்டாகிறது. ஆனால் நமது தலைக்கு மேல் அது குறைவு. முனைவுகளை நோக்கிச் செல்லச் செல்லக் கூடுதல். ஏனெனில் நம் பகுதியில் மேலெழும் காற்று படைமண்டலத்தில் ஓசோனைச் சுமந்து சென்று, முனைவுப் பக்கத்தில் கீழிறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றோட்டத்தை அறிய ஓசோன் அளவீடுகளும் உதவின.

1976 இல் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக ஓய்வுபெற்றார். 2001 ஓகஸ்ட் 16 இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்.

பெண்பிள்ளைக்குப் பௌதிகவியல் எதற்கு என்று என்னிடமும் கேட்டவர்கள் உண்டு. பெற்றோரே, உங்கள் மகளும் ஒருநாள் தோட்டுக்குப் பதிலாகப் புத்தகம் கேட்கலாம். தயவுசெய்து வாங்கிக் கொடுங்கள்.