மரத்துப்போன கைகளுக்கு மறுவாழ்வு தந்தவர்
டாக்டர் பால் பிராண்ட்

குற்றாலச் சாரலில் வளர்ந்த நமக்கு மலையும் அருவியும் சொந்தம். அத்தகைய மற்றொரு மலையாகிய கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் பிறந்தவர் பால் பிராண்ட். பெற்றோர் ஜெஸ்ஸி, எவலின் ஆகியோர் இங்கிலாந்திலிருந்து வந்த பிரிவினை சபை ஊழியர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காக மகன் இங்கிலாந்து சென்றார். 1929-இல் தந்தை மலைக்காய்ச்சலுக்குப் பலியானார். தச்சும் கொத்தும் கற்றுக் கட்டட வேலை பழகிய பின்னரே பிராண்ட் லண்டனில் மருத்துவம் பயின்றார்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், விரல் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பற்றினார். அந்தப் பிடி இவருக்கே வலித்தது! முன்கைத் தசைகளில் வலு இருப்பதை உணர்ந்தார். நல்ல தசையின் நாணைச் செயலிழந்த விரல்களோடு இணைத்து அறுவை செய்தார். விரல்கள் நிமிர்ந்தன.

நோயால் விரல்கள் அழுகி விழுவதாகவே அக்காலத்தில் எண்ணினர். நோய் நரம்பைக் கெடுப்பதால் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரம் சுட்டும், உறக்கத்தில் எலி கடித்தும் அறியாததாலேயே விரல்கள் சிதைகின்றன என்று அன்னார் கண்டறிந்தார். நாம் வேண்டாமென வெறுக்கும் வலியே உடலின் காவலன் என்று உலகுக்குக் காட்டினார்.

கை சீரான பின்னும் சிலருக்குத் துன்பம் தீரவில்லை. நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் கிடைக்கவில்லை. நோயாளி என்று தெரிந்தால் வேலையும் கிடைக்கவில்லை. எனவே அவர்களுக்கு இல்லம் அமைத்து, தாம் கற்ற தச்சுத் தொழிலையே கற்றுக்கொடுத்தார் பிராண்ட்.

1960-இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, அங்கு 1896 முதல் தொண்டாற்றி வந்த புனித வின்சென்ட் தே பவுல் பிறரன்புச் சகோதரிகளோடு பணிபுரிந்தார். 2003 ஜூலை 8-இல் மறைந்தார்.

இன்று தொழுநோய் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காது சென்று காட்டுவோம். அறுவைக்கு அவரைப் போன்ற மருத்துவர் வேண்டும். குணமானவருக்கு வேலை கொடுக்கவும், கோவிலில் அவர் அருகே அமரவும் நாமே போதும்.