மலையடிவாரத்தில் ஒரு படத் தொழிற்சாலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேர்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கும் முன்பே, சாலையோரம் பழைய நுழைவாயில் வளைவு ஒன்று வரும். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்ற படப்பிடிப்பு நிலையத்தின் வாசல் அது. அதை நிறுவியவர் டி.ஆர். சுந்தரம்.

திருச்செங்கோட்டு ஜவுளி வணிகக் குடும்பத்தில் 1907-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில் படித்தார். துணி படித்தவருக்குச் சினிமாவில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் இருக்கிறது விஷயம்!

தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய புதிதில், நம் ஊரில் படமெடுக்க வசதி கிடையாது. நடிகர், பாடகர், சமையல்காரர் என்று ஒரு கூட்டமே கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டும். அப்போது நடிகர்களே பாட வேண்டும். கதாநாயகனுக்குத் தொண்டை கட்டினால் அன்றைய நிலைய வாடகை வீண்! சுந்தரமும் முதலில் கல்கத்தாவில் படமெடுத்துப் பார்த்தவர்தான்.

நூற்பாலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பஞ்சு போகும், மறுபக்கம் நூல் வரும். நடுவில் எந்த இயந்திரமும் சும்மா நிற்கக் கூடாது. படத்தையும் இப்படித் தயாரிக்க முடியும் என்று காட்டினார் சுந்தரம். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருளைக் கழுவும் ஆய்வகம் எல்லாம் ஒரே வளாகத்தில். கலைஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாதச் சம்பளம். எவ்வளவு பெரிய நடிகரானாலும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும். ஆண்டுக்கு மூன்று படமாவது வெளிவர வேண்டும் என்பது கணக்கு. கண்டிப்புக்காரர் என்று பெயர். எங்கள் காலத்துத் தலைமையாசிரியர்களைப் போல!

முதல் படம் 'சதி அகல்யா' 1937-ல் வந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இந்தச் சேலத்து நிலையத்திலிருந்து வெளியானது. சென்னையில் பெரிய நிலையங்கள் வளர்ந்த பிறகும் சேலம் சளைக்கவில்லை. மலைக்காட்சி வேண்டுமா? வாசலைத் தாண்டினால் ஏற்காடு! 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யின் புகழ்பெற்ற மலையுச்சிக் காட்சி அங்கே எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்தது.

1963-ல் சுந்தரம் காலமானார். அவர் குடும்பத்தார் சில காலம் தொடர்ந்து நடத்தினர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்த நிலையம் பின்பு மூடப்பட்டது. உள்ளே இருந்த தளங்கள் இன்று இல்லை.