செவுளைப் படித்த பேரறிஞர்

மீன் ஆயும்போது செவுளைப் பிடுங்கி எறிந்து விடுகிறோம். அச்சிவந்த சீப்பிலே ஒரு மீனின் வாழ்க்கையே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்தறிந்தவர்களுள் தலைசிறந்தவர் ஜார்ஜ் கூவியே.

இவர் 1769-ஆம் ஆண்டு மோன்பெலியார் நகரிலே பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். 1788-இல் நார்மண்டியில் ஒரு பிரபுவின் மகனுக்கு ஆசிரியராக அமர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்த அந்நாட்களில், கடற்கரையிற் கிடைத்த உயிரினங்களை அறுத்துப் பார்த்துப் படம் வரைந்தார். 1795-இல் பாரிஸ் அழைத்தது. ஒப்பியல் உடற்கூற்றியலில் ஈடிணையற்றவரானார்.

ஓர் உறுப்பின் அமைப்பு மற்ற உறுப்புகளோடும் அவ்வுயிர் வாழும் முறையோடும் பொருந்தியே இருக்கும் என்பது அவர் கொள்கை. செவுளே இதற்குச் சான்று. விரைந்து நீந்தும் சூரை மீனுக்கு மூச்சு மிகுதியாக வேண்டும். ஆகவே அதன் செவுட்பரப்பும் பெரிது. நுண்ணுயிர்களை அரித்துண்ணும் மத்திக்குச் செவுள்முட்கள் சல்லடைபோல் நெருங்கியிருக்கின்றன. சுறாவின் செவுள்கள் தனித்தனிப் பிளவுகளாகத் திறக்கின்றன. எலும்பு மீன்களிலோ ஒரே மூடியின்கீழ் அடங்குகின்றன. மீன்களை வகைப்படுத்துகையில் செவுளின் அமைப்பையும் கூவியே கருத்திற் கொண்டார்.

1827-இல் பேரிடி விழுந்தது. எஞ்சியிருந்த ஒரே மகள் கிளமென்டீன், திருமணம் நெருங்கிய வேளையில் இறந்தாள். துயரிலும் அவர் பணியை விடவில்லை. மறு ஆண்டே, வலன்சியேன் என்ற மாணவருடன் மீன்களைப் பற்றிய பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். புதுச்சேரியிலிருந்து லெஷெனோ அனுப்பிய மீன்களும் அந்நூலில் இடம்பெற்றன.

நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டையையும் அவர் ஆராய்ந்தார். அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான எலும்புச் சிக்கல் ஒன்று உண்டு. செவுளை நனைக்க நீர் தேக்கும் இடம் அது என்று அவர் எண்ணினார். அது காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு என்பது பின்னரே தெளிவாயிற்று. முதல் செவுள் வளைவின் ஒரு பகுதியே அவ்வாறு உருமாறியிருக்கிறது! உயிர்வளி குறைந்த சேற்றுநீரிலும் அம்மீன் பிழைப்பது இதனால்தான்.

உயிரினங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறி வந்தன என்பதைக் கூவியே கடைசிவரை ஏற்கவில்லை. ஆயினும் அவர் பிழையறப் பதித்த உடற்கூற்றுச் செய்திகளே பின்வந்தோர்க்குப் பரிணாமத்தின் சான்றுகளாயின. 1832-இல் அவர் மறைந்தார். வலன்சியேன் 1849 வரை உழைத்து நூலை 22 தொகுதிகளாக்கினார்.

நாம் கொள்ளும் கருத்து நாளை தவறாகலாம். கண்டதைக் கண்டவாறே எழுதிய ஏடு என்றும் பயன்தரும். ஆய்வுக்கூடத்திலே நம் குறிப்பேட்டைத் திறக்கும்போதெல்லாம் இதனை நினைவிற் கொள்வோமாக.