ஹிராம் ஜான்ஸன்

ஓட்டைப் பெட்டியில் போட்டதோடு பிரஜையின் அதிகாரம் தீர்ந்துவிடுகிறதா? அடுத்த தேர்தல் வரும்வரையில், அனுப்பப்பட்டவர் எது செய்தாலும் அனுப்பியவர் பொறுத்திருக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தின் கவர்னராயிருந்த ஹிராம் ஜான்ஸன்.

அவர் 1866-ம் வருஷம் ஸாக்ரமெண்டோ நகரில் பிறந்தார். தகப்பனார் குரோவ் ஜான்ஸன் ஒரு வக்கீல், சட்டசபை அங்கத்தினர், ஸதர்ன் பஸிபிக் ரெயில்வே கம்பெனியின் ஆதரவாளர். அக்காலத்தில் அந்த ராஜ்யத்தை ஆண்டது அக்கம்பெனியே என்று சொல்லலாம். அபேட்சகர்களைப் பொறுக்கியெடுப்பதிலும், மசோதாக்களின் தலைவிதியை நிர்ணயிப்பதிலும் அதன் ஏஜெண்டுகளின் கையே ஓங்கியிருந்தது. ஹிராமும் தந்தையின் ஆபீஸிலேயே சட்டம் பயின்று 1888-ல் வக்கீலானார். எனினும் அரசியலில் தந்தையும் மகனும் எதிரெதிரே நின்றார்கள்.

1908-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ லஞ்ச வழக்கில் பிராஸிகியூஷன் வக்கீல் பிரான்ஸிஸ் ஹெனி கோர்ட்டிலேயே சுடப்பட்டுக் காயமுற்றார். அவருடைய இடத்தில் துணிந்து நின்று, நகர அரசியலின் சூத்திரதாரியான ஏப் ரூபுக்குத் தண்டனை கிடைக்கச் செய்தவர்களில் ஜான்ஸன் ஒருவர். அந்தக் கீர்த்தியுடன் 1910-ல் கவர்னர் பதவிக்கு நின்றார். ரெயில் ஏறாமல் மோட்டாரில் ஊர் ஊராய்ச் சென்று, கம்பெனியை அரசியலினின்று விரட்டுவதாக வாக்களித்து வென்றார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். 1911 அக்டோபர் 10-ந் தேதி 23 அரசியல் சட்டத் திருத்தங்கள் ஜனங்களின் முன் வைக்கப்பட்டன, 22 நிறைவேறின. கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 8 வீதம் கையொப்பம் சேர்ந்தால் ஜனங்களே சட்டம் கொண்டுவரலாம் என்று அப்போது விதிக்கப்பட்டது. 5 வீதம் சேர்ந்தால் சட்டசபை இயற்றியதைத் தங்கள் தீர்ப்புக்கு இழுக்கலாம். கவர்னரானாலும் நீதிபதியானாலும் தவணைக்கு முன்பே வாக்களித்து விலக்கலாம். ஸ்திரீகள் ஓட்டுரிமை பெற்றதும் அன்றுதான்.

ஆயினும் இச்சரித்திரத்தில் ஒரு களங்கமுண்டு. குடியுரிமை பெறத் தகுதியற்றவரென்று ஒதுக்கப்பட்ட ஆசியர் நிலம் வாங்கலாகாது என்னும் சட்டத்தில் 1913-ல் கையெழுத்திட்டவரும் இந்த ஜான்ஸனே. 1920-ல் அச்சட்டத்தை இன்னும் கடுமையாக்கியது சட்டசபையன்று. அவர் அளித்த புது உரிமையைக் கொண்டு ஜனங்களே செய்தார்கள். முதலில் ஜப்பானியரைக் குறித்த அச்சட்டம், 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கின் தீர்ப்புக்குப் பின் நம் பஞ்சாபி விவசாயிகளையும் பற்றியது. நிலத்துக்கு அருகதையில்லை என்று தீர்க்கப்பட்டவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

1917 முதல் ஸெனட்டில் அமர்ந்திருந்த ஜான்ஸன் 1945 ஆகஸ்டு 6-ந் தேதி காலமானார். 1952-ல் கலிபோர்னியாவின் பிரதம கோர்ட் அச்சட்டம் செல்லாதென்றது; 1956-ல் ஜனங்களே வாக்களித்து அதை ஒழித்தனர்.

கம்பெனியின் பிடியிலிருந்து அதிகாரத்தை மீட்டு ஜனங்களிடம் கொடுப்பது பெரும் பணி. அதை ஜான்ஸன் செய்தார். அந்த ஜனங்கள் என்பவர் யார், அவர்களில் விடுபட்டவர் யார் என்று கேட்பது அதனினும் பெரிய பணி. அதை அவர் செய்யவில்லை. ஜனநாயகத்துக்கு உழைப்போர் இவ்விரண்டையும் மறக்கலாகாது.