நீதி இருக்கையில் அமர்ந்த முதல் பெண்

நீதித் தலைவர்கள் நூலில் தெபோராவை நாம் சந்திக்கிறோம் (நீத 4:4-5). எப்ராயிம் மலைநாட்டில், இராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே, ஒரு பேரீச்சை மரத்தடியில் அவர் அமர்ந்திருப்பார். வழக்குள்ள மக்கள் தீர்ப்புக்காக அவரிடம் செல்வார்கள். ஒரு பெண்ணிடம் போய் நீதி கேட்பதா என்று அவர்கள் தயங்கியதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. ஆனால் நம் நாட்டில் ஒரு பெண் நீதிபதியின் இருக்கையில் அமர்வதற்கு 1937ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி அமர்ந்தவர் அன்னா சாண்டி. அது நடந்த இடம் திருவிதாங்கூர். அக்காலத்தில் இன்றைய குமரி மாவட்டமும் அந்த நாட்டின் பகுதிதான். நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த மண்ணின் கதை இது.

1905இல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்த அன்னா, திருவனந்தபுரத்தில் வளர்ந்தார். பெண் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பே போதும் என்று சமூகம் எண்ணிய காலத்தில் அவர் சட்டம் படிக்கப் போனார். 1926இல் சட்டப் பட்டம் பெற்றார். கேரள மண்ணில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. 1929இல் வழக்கறிஞராகப் பணி தொடங்கி, குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார். காவல்துறை அதிகாரியாக இருந்த அவருடைய கணவர் பி.சி. சாண்டி, மனைவியின் பணிக்குத் துணைநின்றார்.

அந்நாள்களில் திருவனந்தபுரத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. பெண்களுக்கு அரசு வேலை தேவையா என்பதுதான் பொருள். டி.கே. வேலுப்பிள்ளை என்ற அறிஞர் தேவையில்லை என்று வாதாடினார். பெண்கள் வேலைக்குப் போனால் இல்லறம் குலையும் என்பது அவர் கவலை. அன்னா மேடையேறினார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தை உடைப்பது போல, ஒவ்வொரு கருத்தாக எடுத்துப் பதில் சொன்னார். ஆண்களின் வீட்டுச் சுகத்துக்காகவே பெண்கள் படைக்கப்பட்டார்கள் என்ற எண்ணம்தான் இந்த வாதத்தின் வேர் என்று அவர் காட்டினார்.

பெண்களுக்காகக் குரல் கொடுக்க 'ஸ்ரீமதி' என்ற இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் இருந்தார். 1931இல் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் நின்றார். பெண் ஒருத்தி தேர்தலில் நின்றால் என்ன பேசுவார்கள்? அவருடைய கொள்கையை விட்டுவிட்டு நடத்தையைப் பேசினார்கள். அவதூறு ஊரெங்கும் பரவியது. அவர் தோற்றார். ஆனால் ஒதுங்கிப் போகவில்லை. நடந்த அநியாயத்தைத் தம் இதழில் எழுதினார். அடுத்த முறை மீண்டும் நின்றார், வென்றார்.

அவர் கேட்ட சமத்துவம் எப்படிப்பட்டது என்பதை ஒரு செய்தி நமக்குக் காட்டும். அன்றைய திருவிதாங்கூர்ச் சட்டம் பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. பெண்களுக்காகப் போராடுபவர் இதை வரவேற்றிருப்பார் என்றுதானே நாம் நினைப்போம்? அவரோ எதிர்த்தார். தண்டனையில் சலுகை பெறுகிறவள் உரிமையிலும் குறைந்தவளாகவே எண்ணப்படுவாள் என்று அவர் கண்டார். மரண தண்டனையே எவருக்கும் கூடாது என்பது இன்று நம் திருச்சபையின் நிலைப்பாடு. ஆயினும் அவர் வாதத்தின் நேர்மையை நாம் மறுக்க முடியாது. சலுகை வேறு, நீதி வேறு.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. 1935இல் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில், கருத்தடை பற்றி எடுத்துச் சொல்லும் மருத்துவ நிலையங்கள் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அங்கிருந்த கிறிஸ்தவப் பெண்களே அதை எதிர்த்தார்கள். நம் திருச்சபையின் போதனையும் வேறு. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி நம்மையும் தொடுகிறது. திருமணமான ஒரு பெண்ணுக்குத் தன் உடல்மீது எந்த உரிமையும் இல்லையா? மனைவியின் விருப்பத்தையும் உடல்நலத்தையும் கேளாத கணவனை எந்தப் போதனையும் நியாயப்படுத்தாது.

1937இல் திவான் சி.பி. இராமசாமி ஐயர் அவரை முன்சீப்பாக நியமித்தார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவரே. முதன்முதலாக நீதிமன்றத்துக்குள் நுழைந்த நாளில் தம் உள்ளத்தில் அச்சம் இருந்ததை அவர் பிற்காலத்தில் மறைக்காமல் சொன்னார். தம்மை வைத்து ஒரு சோதனை நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தாம் தடுமாறினால் அது தம் தோல்வியோடு முடியாது, பின்னால் வரும் பெண்கள் எல்லாருக்கும் கதவு அடைபடும் என்பதும் தெரியும். ஓர் ஆண் நீதிபதி தவறினால் அவர் ஒருவர்தான் தவறியவர். முதல் பெண் தவறினால் பெண்ணினமே தவறியதாகப் பேசுவார்கள். எவ்வளவு பெரிய சுமை!

அவர் வந்து அமர்ந்த அந்த நாட்டின் சட்டம் எப்படி இருந்தது? 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, சிரியன் கிறிஸ்தவத் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுவே மகளுக்கு. தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் ஒரு பெண் இருந்தார். சட்டப் புத்தகத்தில் மகள் இன்னும் கால் பங்குக்காரியாகவே இருந்தாள்! கோட்டயத்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986இல்தான் உச்சநீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வுக்கு முடிவு கட்டியது. அப்போது அன்னா சாண்டி எண்பது வயதைத் தொட்டிருந்தார்.

சோதனை வெற்றி பெற்றது. 1948இல் அவர் மாவட்ட நீதிபதியானார். 1959 பிப்ரவரி 9 அன்று கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றார். இந்தியாவில் ஒரு பெண் உயர்நீதிமன்ற நீதிபதியானது அதுவே முதல் முறை. 1967 வரை அங்கே பணியாற்றி, பின்னர் இந்தியச் சட்ட ஆணையத்திலும் பணி செய்தார். 1996இல் மறைந்தார்.

அவர் விதைத்தது எங்கே முளைத்தது? பத்தனம்திட்டாவில் ஓர் இசுலாமியத் தந்தை, அன்னா சாண்டியைப் பார்த்துத் தம் மகளையும் சட்டம் படிக்க அனுப்பினார். அந்த மகள்தான் 1989இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி. 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக நாம் கண்டவர். ஒரு பெண் துணிந்து வைத்த அடி, மதம் கடந்து இன்னொரு வீட்டின் கதவைத் திறந்தது.

அன்புக்குரியவர்களே, நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம். அன்பியக் கூட்டத்துக்கு முதலில் வருகிறவர்கள் பெண்கள். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி அலங்கரிப்பவர்களும் அவர்களே. பங்குப் பேரவையில் வரவு செலவு பேசும்போது அவர்கள் கருத்தைக் கேட்கிறோமா? குருக்களாகிய நாமும் இதில் தவறியிருக்கிறோம். பூ வைக்கப் பெண்களை அழைத்தோம். கணக்குப் பார்க்க ஆண்களை அழைத்தோம்.

சொத்துப் பிரிக்கும் நாளில் நம் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது, அவள் மனமுவந்து தருகிறாளா, அல்லது பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமே என்று அஞ்சித் தருகிறாளா? சட்டம் இன்று அவளுக்குச் சம பங்கு தருகிறது. நம் மனம் தருகிறதா?

பாசத்தின் பெயரால் நீதியை மறுக்காதிருக்கும் நேர்மையை இறைவன் நமக்குத் தரவேண்டும் என்று மன்றாடுவோம். இந்த வாரம், நம் வீட்டில் ஒரு முடிவு எடுக்கும் முன், மனைவியிடமும் மகளிடமும் தாயிடமும் கேட்டுத் தொடங்குவோம்.