நஞ்சைப் பழக்கிய மாக்ஸ் தைலர்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் விடுதியில் யாரேனும் ஒருவர் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையை நாள்தோறும் விசாரிக்கிறோம். ஆனால் வைரசைக் கொல்லும் மருந்தை மட்டும் கொடுப்பதில்லை. காரணம், அத்தகைய மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

டெங்கு வைரசுக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதுவே மஞ்சள் காய்ச்சல் வைரஸ். நகரங்களில் இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசுதான். அந்தக் கொடிய உறவை அடக்கிய மேதையே மாக்ஸ் தைலர்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் 1899 ஜனவரி 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஆர்னால்டு தைலர் புகழ்பெற்ற கால்நடை மருத்துவ அறிஞர். மகன் இலண்டனில் மருத்துவம் பயின்று 1922இல் தகுதிச் சான்று பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தார்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு பாக்டீரியமே காரணம் என்று ஜப்பானிய அறிஞர் நோகுச்சி கூறிவந்தார். அது தவறு எனக் காட்டியவர்களுள் இளைஞர் தைலரும் ஒருவர். அந்நாளில் அந்நோயை ஆராய்வது உயிரைப் பணயம் வைப்பதாகவே இருந்தது. 1927இல் லாகோசில் ஸ்டோக்ஸ் மாண்டார். 1928இல் அக்ராவில் நோகுச்சியும் மாண்டார். இருவரையும் கொன்றது அவர்கள் ஆராய்ந்த நோயே. 1929இல் தைலரையும் அது பற்றியது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆய்வுக்குக் குரங்குகள் வேண்டியிருந்தன; அவற்றின் விலையோ அதிகம். வைரசைச் சுண்டெலியின் மூளையில் செலுத்தி வளர்க்கலாம் என்று தைலர் 1930இல் காட்டினார். அப்போது ஒரு புதுமையையும் கண்டார். எலி மூளையில் பலமுறை வளர்ந்த வைரஸ், குரங்கின் ஈரலைத் தாக்கும் வேகத்தை இழந்திருந்தது. ஆனால் மூளையைத் தாக்கும் வேகம் கூடியிருந்தது. குடியிருந்த வீட்டுக்கேற்பக் குடியிருப்பவனின் குணமும் மாறியது!

அப்படியானால் மூளையே இல்லாத வீட்டில் வளர்த்தால் என்ன?

1930இல் ராக்பெல்லர் அறக்கட்டளைக்குச் சென்ற அவர், அசிபி என்ற ஆப்பிரிக்கரிடமிருந்து 1927இல் எடுத்த கொடிய வைரசை இதற்குத் தேர்ந்தார். அதை முதலில் சுண்டெலிக் கருவின் திசுவிலும், பின்னர் கோழிக் கருவின் திசுவிலும், இறுதியில் மூளையும் தண்டுவடமும் நீக்கிய கோழிக் கருவின் திசுவிலும் மாற்றி மாற்றி வளர்த்தார். 89ஆம் முறைக்கும் 114ஆம் முறைக்கும் இடையே ஏதோ ஒரு கட்டத்தில் வைரஸ் சாதுவாகிவிட்டது. எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் தன்மையை மட்டும் இழக்கவில்லை. மீண்டும் செய்து பார்த்தபோது அதே விளைவு கிட்டவில்லை. அதுவே 17டி தடுப்பூசி. அவரும் ஹியூ ஸ்மித்தும் 1937இல் அதை வெளியிட்டனர்.

வெற்றியின் நடுவே ஒரு துயரமும் நேர்ந்தது. தடுப்பூசி கெடாதிருக்க மனித இரத்தச் சீரம் சேர்க்கப்பட்டிருந்தது. அச்சீரத்தில் இருந்த மஞ்சட்காமாலை வைரசால் 1942இல் அமெரிக்கப் படைவீரர் பல்லாயிரவர் நோயுற்றனர். பின்னர் சீரம் இன்றியே தடுப்பூசி செய்யப்பட்டது.

1951இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கில் அறக்கட்டளையின் வைரஸ் ஆய்வுக்கூடங்களுக்கு அவர் இயக்குநரானார். அந்த அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1952இல் நம் புனேயில் நிறுவிய வைரஸ் ஆராய்ச்சி நிலையமே இன்றைய தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். தைலர் 1972 ஆகஸ்ட் 11ஆம் நாள் அமெரிக்காவில் மறைந்தார். ஆப்பிரிக்கா செல்லும் நம்மவர் இன்றும் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்வது அவருடைய 17டி வைரசால் ஆன ஊசியைத்தான்.

அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது என்ன? டெங்கு வைரஸ் உயிரணுவின் கதவை உடைத்து நுழைவதில்லை. மேற்பரப்பிலுள்ள சில மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. உயிரணுவே அதை ஒரு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பையில் அமிலத்தன்மை ஏறியதும் வைரசின் உறை பையின் சவ்வோடு இணைந்து, மரபுப்பொருள் வெளிப்படுகிறது. வைரசைக் குறிவைக்கும் மருந்து கொடுத்தால், அதற்கு அடங்காத மாறிய வைரஸ் தலையெடுக்கக்கூடும். தைலருக்கு நண்பனாக உதவிய அந்த மாறும் குணமே மருந்து தேடுவோருக்குப் பகையாக நிற்கிறது. ஆகவேதான் வைரசுக்கு இடங்கொடுக்கும் உயிரணுவின் வழிகளை அடைக்கலாமா என்றும் ஆராய்கின்றனர். உயிரணு மாற வேண்டிய தேவை இல்லை. ஆனால் வழியை அடைக்கும்போது வீட்டுக்காரருக்கே ஊறு நேரக்கூடாது. அதுதான் சிக்கல்.

நண்பர்களே, நூறு முறைக்கு மேல் ஒரே வேலையைச் சலிக்காமல் செய்தவர் தைலர். மூன்றாம் முறை சோதனை தவறினாலே சோர்ந்துவிடும் நாம், அடுத்த முறை சோதனைக் குழாயைக் கையில் எடுக்கும்போது அவரை நினைத்துக்கொள்வோம்.